சித்தி வந்த வீட்டில் தூக்கம் எங்கே?

முன்பதிவுக்காகத் தொலைபேசியில் அழைத்த அம்மா, "பையனுக்குச் சித்தி வந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் மனநலக் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் அதைப் பதிவேட்டில் "சித்தியுடன் வருகிறார்" என்று எழுதி வைத்துவிட்டார். மறுநாள் மாலை வந்தவர்கள் இரண்டே பேர். தாயும் மகனும். அம்மா சொன்னது உறவுக்காரச் சித்தியை இல்லை, தியானத்தில் கைவரும் அதிசய சக்தியை.

மகனுக்கு 28 வயது. மென்பொருள் வேலை. பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போய்த் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. (இங்கே வரும் எல்லோருடைய அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்ததும், "இப்போது உங்கள் போன் அடிக்கும் டாக்டர்" என்றார். ஒரு நிமிடத்துக்குள் அடித்தது. அவர் தாயைப் பார்த்தார், தாய் என்னைப் பார்த்தார். மாலை ஆறரை மணிக்கு ஒரு டாக்டரின் மேசையில் போன் அடிக்காமல் இருந்தால்தான் அதிசயம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். முழுக்கப் பச்சை மையில் எழுத்து. தேதி, நேரம், முன்கூட்டியே தெரிந்த விஷயம், பக்கத்தில் ஒரு 'சரி' குறி. பக்கத்து வீட்டுக்காரர் இருமுவார். சரி. சிவப்புக் கார் வரும். சரி. மேலாளர் கோபப்படுவார். சரி. இப்படிப் பதினொரு நாட்களுக்கு, ஓரங்களிலும் இடம் விடாமல்.

"நடக்காமல் போனவை எங்கே, தம்பி?"

"அவற்றை எழுதவில்லை டாக்டர். அவை மனம் கலங்கியிருந்தபோது தோன்றியவை."

நோட்டை மூடி அவரிடமே கொடுத்துவிட்டு, நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். "எனக்கு இப்போது தூக்கமே தேவைப்படுவதில்லை."

போனும் காரும் எனக்குப் பொருட்டில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தூக்கம் வரவில்லை என்று புலம்புபவர் ஒரு ரகம். இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, சேமிப்பை எடுத்து மலையடிவாரத்தில் ஆசிரமத்துக்கு நிலம் பார்க்கிறவர் வேறு ரகம். குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததுண்டா என்று மூன்றாவது முறையாகக் கேட்டபோதுதான் தாய் வாய் திறந்தார். அவருடைய தம்பிக்கு இதே வயதில் வந்ததாம். குணசீலம் கோயிலில் 48 நாள் வைத்திருந்தார்களாம்.

மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் மாறும் இருமுனைக் கோளாற்றின் (பைபோலார்) எழுச்சிக் கட்டம் அது. நாளுக்குப் பத்து மணி நேரம் கண்மூடி உட்கார்ந்ததும், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்ததும், ஏற்கெனவே உடம்பில் இருந்த விதைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். இந்த நோய்க்கு இலக்கானவர்களுக்குத் தூக்கம் குறைவதே பெரிய தூண்டுதல்.

இந்த இடத்தில் குடும்பங்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "அவனுக்கு வந்திருப்பது நிஜமான சக்தியா, பொய்யா?" அதற்குத் தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. சொல்லப் போனால், புத்தர் மரபுக்கே அந்தக் கேள்வியில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. சக்திகள் உண்டு என்றே பாலி நூல்கள் சொல்கின்றன. ஒருவர் பலராவது, சுவரை ஊடுருவுவது போன்ற அற்புதங்கள், தொலைவிலுள்ள ஒலியைக் கேட்பது, பிறர் மனத்தை அறிவது, முற்பிறவிகளை நினைவுகூர்வது, உயிர்கள் இறந்து பிறப்பதைக் காண்பது என்று பட்டியல் நீள்கிறது. அபிஞ்ஞைகள் என்று சொல்லப்படும் ஆறு உயர் அறிவுகளில் முதல் ஐந்தும் இவைதான். ஆறாவது, மனக் கசடுகள் அற்றுப்போவது. துக்கத்தை முடித்துவைப்பது அந்த ஆறாவது மட்டும். முதல் ஐந்தும் கைவந்தவர் துக்கத்தின் நடுவிலேயே இருக்கலாம்.

நாளந்தாவில் ஒரு மாந்தோப்பு. கேவட்டன் என்ற இல்லறத்தான் வந்து, ஒரு பிக்குவை அற்புதம் செய்துகாட்டச் சொல்லுங்கள், ஊரே உங்கள் பக்கம் திரும்பிவிடும் என்கிறான். நல்ல விளம்பர யோசனைதான். புத்தர் மறுக்கிறார். அதைப் பார்த்து நம்பாதவன், இது காந்தாரி வித்தை என்று சொல்லிவிடுவானே என்கிறார். இப்படிப்பட்ட அற்புதங்களைக் கண்டு தமக்குக் கூச்சமும் அருவருப்பும் உண்டாகின்றன என்று வெளிப்படையாகவே சொல்கிறார். ராஜகிருகத்தில் பிண்டோல பாரத்துவாசர் வானில் எழும்பி, மூங்கில் உச்சியில் ஒரு செல்வர் கட்டி வைத்திருந்த சந்தனத் திருவோட்டை எடுத்துவந்தபோது கிடைத்தது பாராட்டு இல்லை, வசை. அற்பக் காசுக்கு ஆடை விலக்கிக் காட்டுவதற்கு அதை ஒப்பிட்டார் புத்தர். ஓட்டை உடைத்து, கண்மையில் வாசனைக்குச் சேர்க்கும் பொடியாக்கச் சொல்லிவிட்டார்.

பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளான விநயத்தில், ஒரு மருத்துவனாக என்னை வியக்க வைத்த இடம் ஒன்று உண்டு. இல்லாத ஞான நிலைகளைத் தனக்கு இருப்பதாகச் சொல்லும் பிக்கு சங்கத்திலிருந்து வெளியேற வேண்டும். பாராஜிகம் எனப்படும் மிகக் கடுமையான குற்றங்களில் நான்காவது அது. வஜ்ஜி நாட்டில் பஞ்சம் வந்தபோது வக்குமுதா ஆற்றங்கரைப் பிக்குகள் சிலர், ஒருவர் பெருமையை மற்றவர் ஊராரிடம் அளந்துவிட்டு நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்ததுதான் இந்த விதி பிறந்த கதை. ஆனால் விலக்கும் அங்கேயே இருக்கிறது. உண்மையாகவே எட்டிவிட்டோம் என்று தப்புக்கணக்குப் போட்டுச் சொன்னவருக்குக் குற்றமில்லை. சித்தம் கலங்கியவருக்கும் குற்றமில்லை. ஏமாற்றுக்காரர், தன்னை மிகையாக மதித்தவர், நோயாளி என்று மூன்று பேரையும் அன்றே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு நம் வீடுகளில் மூவருக்கும் சேர்த்து இரண்டே பெயர்கள்தான். ஒன்று மகான், இல்லையென்றால் பைத்தியம்.

சக்தி வந்தால் கஷ்டம் தீரும் என்ற நம்பிக்கைக்குப் புத்தரின் சீடர் மொக்கல்லானரின் முடிவே பதில். சீடர்களில் இத்தி என்ற அற்புத வல்லமையில் முதல்வர் என்று புத்தரே சொன்னவர், கூலிக்கு வந்த கொள்ளையர் எலும்பு நொறுங்க அடித்து இறந்தார் என்கின்றன உரைநூல்கள். நம் மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். வேற்றுருக் கொள்ளவும், வான்வழி செல்லவும், பசி தாங்கவும் மூன்று மந்திரங்கள் அவளுக்குக் கிடைக்கின்றன. தன்னைத் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். அந்த உருவத்தைத் தன் மனைவி என்றே நம்பிய காயசண்டிகையின் கணவனின் வாளுக்கு உதயகுமாரன் இரையாகிறான். அவள் அழுததும் சிறைப்பட்டதும் அதன் பிறகு. துக்கத்துக்கு வழி தேடி அவள் கடைசியில் போய் உட்கார்ந்தது காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் முன்னால், மந்திரம் எதுவும் இல்லாத பாடத்துக்கு.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது தாமதமாகத்தான். தொழிலுக்கு வந்த புதிதில், தியானத்தில் நெற்றி நடுவே வெளிச்சம் தெரிகிறது என்று சொன்ன ஒரு வங்கி ஊழியருக்கு, அந்த ஒரு காரணத்துக்காகவே மனப்பிறழ்வு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், நன்றாகத் தூங்கினார், அந்த வெளிச்சம் தனக்கு எந்தக் கட்டளையும் இடுவதில்லை என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. நான்கு மாதம் வாய் உலர்ந்து, உடம்பு பருத்து, அவரே நிறுத்திவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் தொகுத்த விசுத்திமக்கம், பயிற்சியின் நடுவில் வரும் பத்துக் கறைகளில் முதலாவதாக ஒளியைத்தான் வைக்கிறது. பரவசம், அமைதி, இன்பம், அசையாத நம்பிக்கை எல்லாம் அதே வரிசையில் வருகின்றன. கடைசியில் இருப்பது அவற்றின் மீது ஏற்படும் மெல்லிய பற்று. இந்த அனுபவங்கள் வருவது இயல்பு, வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைப்பதே வழுக்கல் என்கிறது நூல். அதைப் படித்த அன்று அந்த வங்கி ஊழியரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வெளிச்சத்துக்குப் பிறகு பயம் வருவதும் உண்டு. எல்லாம் நொறுங்குகிறது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்ற திகில். அதே நூல் இதை அச்ச ஞானம் என்று ஒரு கட்டமாகவே குறிக்கிறது. ஆனால் கட்டம் என்று பெயர் இருப்பதாலேயே பொறுத்துக்கொண்டு மேலும் உட்கார் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வைசாலியில் உடலை அருவருக்கும் தியானத்தைப் புகழ்ந்து போதித்துவிட்டு, புத்தர் அரை மாதம் தனிமையில் இருந்தார். திரும்பியபோது சங்கத்தில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். பலர் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு முறை சொல்லுங்கள் என்று ஆனந்தர் கேட்க, மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை அவர் கற்பித்தார் என்கிறது சூத்திரம். தியானம் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று மேடைகளில் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பௌத்தத் தியானம் செய்பவர்களைப் பேட்டி கண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், அச்சம், தூக்கமின்மை, 'நான்' என்ற உணர்வு மாறிப்போவது என்று 59 வகை அனுபவங்களைத் தொகுத்திருக்கிறார்கள்.

சில நேரம் விஷயம் மனத்தில்கூட இருக்காது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆசிரியைக்குத் தியானத்தின்போது வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், கருகிய வாசனை வரும், உடனே இந்த இடத்தில் முன்பே வாழ்ந்திருக்கிறேன் என்று உறுதியாகத் தோன்றும். முற்பிறவி நினைவு என்று உடன் பயின்றவர்கள் வாழ்த்தியிருக்கிறார்கள். கணவர் சொன்ன ஒரு விவரம்தான் முடிச்சை அவிழ்த்தது: "அப்போது வெற்றிலை மெல்லுவதுபோல் வாயை அசைப்பாள் சார். கூப்பிட்டால் பதில் இருக்காது." நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். மூளையின் பக்கவாட்டு மடலில் எழும் வலிப்பு. மருந்து தொடங்கிய பிறகு முற்பிறவி திரும்ப வரவில்லை. அவருக்கு அதில் சிறிது ஏமாற்றம்தான்.

முகாமுக்குப் போய் வந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்வதை நம்புகிறீர்களா இல்லையா என்று வாதாட வேண்டாம். தூக்கத்தைக் கணக்கெடுங்கள். மூன்று இரவு தொடர்ந்து சரியாகத் தூங்கவில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, குரல் கட்டளையிடுகிறது, பணம் தண்ணீராகச் செலவாகிறது என்றால் உட்காருவதை நிறுத்தச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். சாகும் எண்ணத்தைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் அன்றே வாருங்கள், தனியாக விடாதீர்கள். எந்த நேரமும் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. வெறும் பயமும் கலக்கமும் மட்டும் என்றால், பெரும்பாலும் வயிறு நிறைய சோறு, நடை, வீட்டு வேலை, சில வாரம் கண்மூடாத ஓய்வு போதுமானதாக இருக்கிறது. வீணையின் நரம்பை அதிகம் முறுக்காதே என்று, நடந்து நடந்து பாதம் புண்ணான சோணர் என்ற பிக்குவுக்குப் புத்தர் சொன்னதும் இதைத்தான்.

பச்சை மை இளைஞருக்கு மாத்திரை பிடித்து, தூக்கம் ஏழு மணி நேரத்துக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று. நிலத்துக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. நடக்காமல் போனவற்றையும் எழுதிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் எழுதினார், அப்புறம் அலுத்துவிட்டது என்றார். தினமும் காலையில் இருபது நிமிடம் மட்டும் கண் திறந்தபடி உட்காருகிறார்.

போன மாதம் மறுபடியும் ஒரு முகாம் விண்ணப்பத்தோடு வந்தார். இந்த வருடம் வேண்டாம் என்றேன். அடுத்த வருடத்துக்கு என்றார், பிடிவாதக்காரர். படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார், மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறீர்களா என்ற கேள்விக்கு எதிரே மட்டும் வெற்றிடம்.

"இங்கே என்ன எழுதட்டும் டாக்டர்?"

"மாத்திரையின் பெயரை எழுதுங்கள். அளவையும் எழுதுங்கள்."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதே பச்சை மை.