நாய்க்குட்டிக்கு டின் பால் ஊற்றுவதை நிறுத்துங்கள்

போன வாரம் இன்னொரு குட்டி. அட்டைப்பெட்டிக்குள் பழைய கைலியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஏழு வாரக் குட்டி, தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. வாலடியிலிருந்து பின்னங்கால் வரை மலம் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் இளஞ்சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன்; கீழே இறங்காமல் அப்படியே நின்றது.

"எத்தனை நாளா போகுது பாட்டி?"

"அஞ்சு நாளாச்சு டாக்டர். வயிறு காயக்கூடாதேன்னு பால் மட்டும்தான் குடுத்தோம். வேற ஒண்ணும் குடுக்கல."

நரம்பில் தண்ணீர் ஏற்றி, குடல்பூச்சி மருந்து கொடுத்து, அந்தக் குட்டி எப்படியோ பிழைத்துக்கொண்டது. இதேபோல வந்து பிழைக்காமல் போன குட்டிகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மலேசியாவின் கீழ்ப் பேராக்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னப் பட்டணம் எங்களுடையது. இங்கே கிளினிக்குக்கு வரும் குட்டிகளுக்குப் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறுதான். விசாரித்தால், வீட்டார் ஆசை ஆசையாய் ஊட்டிவிட்டதே காரணமாக இருக்கும். மனசு பொறுக்கவில்லை.

முதலில் இந்தப் பால் விஷயத்தைப் பேசி முடித்துவிடுகிறேன். தாய் நாயின் பாலும் பசும்பாலும் பார்க்க ஒரே வெள்ளை, அவ்வளவுதான். நாய்ப்பாலில் கொழுப்பு சுமார் 9 சதவீதம், புரதம் 7 முதல் 8 சதவீதம். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்துக்குள், புரதம் 3 சதவீதச் சொச்சம். ஆனால் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை, நாய்ப்பாலைவிடப் பசும்பாலில்தான் அதிகம்: நாய்ப்பாலில் 3 சதவீதச் சொச்சம், பசும்பாலில் 5 சதவீதத்தை ஒட்டி. வளரும் குட்டிக்கு வேண்டிய சத்து பாதிகூட இல்லை, அதன் வயிறு தாங்காத சர்க்கரை மட்டும் கூடுதல். அதிலும் தாய்ப்பால் மறக்கிற வயதில் அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குட்டிக்குத் தானாகவே குறைந்துகொண்டு வரும். செரிக்காத சர்க்கரை குடலில் தங்கித் தண்ணீரை இழுக்கும், புளிக்கும், வயிறு உப்பும், நுரைநுரையாகப் போகும். போகிறதே என்று மறுபடியும் பால். மறுபடியும் போகும்.

"தண்ணி கலந்துதான் குடுக்கிறேன்" என்பார்கள். தண்ணீர் கலந்தால் இருக்கிற கொஞ்சம் சத்தும் நீர்த்துப் போகும். "நல்லா காய்ச்சித்தான் குடுக்கிறேன்." காய்ச்சினால் கிருமி சாகும், லாக்டோஸ் அப்படியே இருக்கும். "ஆட்டுப்பால் ஒத்துக்குமாமே?" ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் ஏறக்குறைய அதே அளவுதான். "ஒரு ஸ்பூன் தயிர்?" உப்பு, சர்க்கரை போடாத கெட்டித்தயிர் ஒரு ஸ்பூன் தின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அது மருந்தில்லை.

டின் பால் இன்னும் மோசம். உங்கள் சமையலறையில் இருக்கும் டின்னைத் திருப்பிப் படியுங்கள். இன்று நம் கடைகளில் விற்கும் டின்களில் பெரும்பாலும் 'கிரிமர் மானிஸ்', அதாவது இனிப்பு கிரீமர், என்றுதான் போட்டிருக்கும். அதில் சர்க்கரையும் செம்பனை எண்ணெயும்தான் முக்கியம், பால் பொருள் கொஞ்சம்தான். தே தாரிக் டீக்கு அது சரி. ஏழு வாரக் குட்டியின் குடலுக்கு அவ்வளவு சர்க்கரையும் எண்ணெயும் எதற்கு? மைலோவைக் கலக்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் கொக்கோ இருக்கிறது, கொக்கோ நாய்க்கு ஆகாது. அத்தோடு விடுங்கள்.

இதையெல்லாம் சொன்னால், தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "எங்க காலத்துல லயத்து வரிசை வீட்டு நாயெல்லாம் பால்சோறு தின்னுதானே வளர்ந்துச்சு?" வளர்ந்தது, உண்மைதான். ஒரு ஈற்றில் எத்தனை குட்டி பிறந்தது, அதில் எத்தனை ஆறு மாதம் தாண்டியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பால்சோற்றோடு எலியும் பல்லியும் பிடித்துத் தின்று, தாங்குகிற உடம்பு வாய்த்த ஒன்றிரண்டுதான் வாசலில் நின்றன. மற்றவற்றைச் செம்பனை அடியில் புதைத்துவிட்டு மறந்துவிட்டோம். பிழைத்த நாயை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கக்கூடாது.

தாயில்லாத குட்டி என்றால் அதற்கென்றே செய்த நாய்க்குட்டிப் பால் மாவு விற்கிறது, அதை வாங்குங்கள். நாலாவது வாரத்திலிருந்து குட்டிக்கான நாய்த்தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மசித்துப் பழக்கலாம். இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: கண் திறந்து நடக்க ஆரம்பித்ததும் குட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும்.

பாலுக்கு அடுத்தது, தினம் ஒரு சாப்பாடு. திங்கட்கிழமை ஒரு தீனி, லேசாக இளகினால் புதன்கிழமை வேறு தீனி, அதுவும் சரிவரவில்லை என்று வெள்ளிக்கிழமை சோறும் கோழியும், சனிக்கிழமை பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய சாத்தே. குட்டியின் குடலும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் ஒரு சாப்பாட்டுக்குப் பழக ஒரு வாரம் பிடிக்கும். நீங்கள் பழகவே விடுவதில்லை. தீனியை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, பழையது முக்கால். அடுத்த இரண்டு நாள் பாதிப் பாதி. பிறகு இரண்டு நாள் புதியது முக்கால். ஏழாம் நாள் முழுக்கப் புதியது. நடுவில் இளகினால் முந்திய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் பொறுங்கள். புதிதாகக் குட்டி எடுத்து வருபவர்கள், அது அங்கே என்ன தின்றதோ அதையே ஒரு பை கேட்டு வாங்கி வாருங்கள். வீடு மாறின கலக்கமே அதன் வயிற்றுக்குப் போதும்.

அளவும் முக்கியம். காலையில் கெட்டியாகப் போய், மாலையில் இளகி, ராத்திரி குழைந்து போனால், குட்டி மற்றபடி துள்ளி விளையாடினால், பெரும்பாலும் அதிகம் தின்கிறது என்று அர்த்தம். பாட்டி ஒருமுறை, பேரன் பள்ளிவிட்டு வந்து ஒருமுறை, அப்பா வேலை முடிந்து வந்து ஒருமுறை வைப்பார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. மூன்று மாதம் வரை நாளுக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. மொத்த அளவு தீனிப் பையிலேயே எடைக்குத் தகுந்தபடி போட்டிருக்கும். அதைக் காலையில் ஒரு டப்பாவில் அளந்து வைத்துவிட்டு, யார் போட்டாலும் அதிலிருந்தே போடச் சொல்லுங்கள். கடையில் மூட்டையைப் பிரித்துக் கிலோக்கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் தீனியை வாங்கினால் மோந்து பாருங்கள். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் திறந்து கிடந்த தீனி சிக்குப் பிடிக்கும், பூஞ்சணம் பூக்கும்.

கறிக்குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அரைத்து ஊற்றினாலும் வேகவைத்தாலும் அதேதான். சந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்றிய குழம்பும் பொரித்த கோழித்தோலும் கணையத்தை வீங்க வைக்கும். தீபாவளி முடிந்த வாரம் எங்களுக்கு எப்போதும் கூட்டம். வேகவைத்த கோழி எலும்பு குடலைக் குத்தும், குத்தாவிட்டால் சுண்ணாம்புக் கட்டியாய் இறுகி, குட்டி முக்கி முக்கி அழும்.

வெறும் சோறும் வேகவைத்த கோழிச்சதையும் வயிறு கலங்கிய இரண்டு மூன்று நாளைக்கு நல்லதுதான், நானே சொல்வேன். அதையே மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் வளைந்துபோகும். மலம் அழகாகத்தான் இருக்கும், எலும்பு உள்ளே மெலிந்துகொண்டிருக்கும். வீட்டுச் சமையல்தான் போடுவேன் என்றால் வாருங்கள், எதை எவ்வளவு சேர்ப்பது என்று பேசி முடிவு செய்வோம்.

இனி மலத்தைப் பார்க்கப் பழகுங்கள். முகம் சுளிக்காதீர்கள். நாங்கள் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவோம். 1 என்றால் ஆட்டுப்புழுக்கைபோல் காய்ந்தது, 7 வெறும் தண்ணீர். 2, 3 நல்லது: உருட்டாக விழும், பிளாஸ்டிக் பையால் எடுத்தால் முழுசாக வரும், தரையில் லேசாக ஈரத்தடம் இருக்கலாம். குட்டிக்கு ஒருநாள் 4 என்று போனால் பதற வேண்டாம். சளிபோல் வழவழவென்று மேலே படிந்து, ஒரு சொட்டுச் செந்நிற ரத்தம் இருந்தால் பெருங்குடல் எரிச்சல். தீனி மாற்றத்தாலும் வரும், பூச்சியாலும் வரும். தார்போலக் கறுத்து, பிசுபிசுவென்று, வாடை தூக்கினால் ரத்தம் மேல்குடலிலிருந்து வருகிறது. அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

தீனியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இன்னும் போகிறது என்றால் பூச்சியைச் சந்தேகப்பட வேண்டும். உருண்டைப்புழு பிறக்கும் முன்பே தாயின் வயிற்றிலிருந்தே குட்டிக்கு வந்துவிடும், கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். நம் ஈர மண்ணில் கொக்கிப்புழுவுக்குக் கொண்டாட்டம். குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும், சின்னக் குட்டி வெளுத்துச் செத்தே போகும். வெறுங்காலில் அதே மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் தோலிலும் ஏறி நமைச்சலோடு கோடு கோடாய் ஊரும். இதற்கு வேப்பிலை உருண்டை கொடுத்தேன், மஞ்சள் கொடுத்தேன், பாகற்காய்ச் சாறு கொடுத்தேன் என்று சொல்லாதீர்கள். கசப்பில் பூச்சி சாவதில்லை. பிறந்து இரண்டு வாரத்தில் பூச்சி மருந்து, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, எடை பார்த்து. மலவாயைச் சுற்றி அரிசி மணிபோல் நெளிந்தால் நாடாப்புழு. அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி, அதற்கும் மருந்து போட வேண்டும்.

இப்போது நான் அதிகம் பயப்படுவது. குட்டி சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, சுருண்டு படுத்து, தண்ணீராய் நாற்றமெடுத்த ரத்தத்தோடு போனால், "சாப்பாடு ஒத்துக்கல" என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அது குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸாக இருக்கலாம். தீனியை மாற்றினால் அது நிற்காது. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. இதைத் தடுக்க ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து, 16 வாரம் தாண்டும் வரை போட வேண்டும். ஒன்று போட்டாயிற்று, போதும் என்று நிறுத்திவிட்டு வருபவர்களிடம் எனக்கு ஆத்திரம் வருகிறது, மன்னியுங்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி பிடிக்காமல் போகலாம், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். பார்வோவில் குட்டி இறந்த வீட்டு மண்ணில் அந்த வைரஸ் பல மாதம் உயிரோடு இருக்கும். சிமெண்டுத் தரையை முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவி, குளோராக்ஸ் ப்ளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வாசனைக்குப் போடும் தரை மருந்துக்கு அது சாகாது. லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே கால்வாய், ஒரே திடல் என்பதால் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பேனடால் (பாராசிட்டமால்) நாய்க்கு விஷமாகலாம். பேதியை நிறுத்த நாம் போடும் மாத்திரைகள், சீ கிட் உட்பட, குட்டிக்கு வேண்டாம். 100 பிளஸ் பானம் ஊற்றாதீர்கள், அந்தச் சர்க்கரை பேதியைக் கூட்டும். வயிற்றுக்கு ஓய்வு என்று குட்டியை நாள் முழுக்கப் பட்டினி போடவும் கூடாது. பெரிய நாய் தாங்கும். சின்னக் குட்டிக்குச் சில மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கி நடுக்கம் வரும், வலிப்பு வரும். வாந்தி இல்லாமல், சுறுசுறுப்பாக இருந்து, கொஞ்சம் இளகிப் போனால் மட்டும் ஒருநாள் வீட்டில் பார்க்கலாம்: குழைந்த சோறும் எண்ணெய், உப்பு, மசாலா இல்லாத கோழிச்சதையும் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை, பக்கத்தில் எப்போதும் தண்ணீர்.

மறுநாளும் நிற்காவிட்டால், அல்லது வாந்தி, ரத்தம், சோர்வு, வெளுத்த ஈறு இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும், காத்திருக்காமல் கிளம்புங்கள். வரும்போது அன்றைய மலத்தைச் சின்ன டப்பாவில் மூடிக் கொண்டுவாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால்தான் எந்தப் பூச்சியின் முட்டை என்று தெரியும். தீனிப் பையைப் படம் பிடித்து வாருங்கள், தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள். தோட்டத்தில் எலிக்கு மெழுகுக் கட்டி மருந்து போட்ட வாரம் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். அது ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து, வைத்தியமே வேறு. ரத்தபேதி என்றால் வாசலிலிருந்தே போன் பண்ணுங்கள். குட்டியைக் கீழே விடாமல் பெட்டியோடு கையிலேயே வைத்திருங்கள், பின்பக்க அறைக் கதவை நாங்கள் திறந்துவிடுவோம்.