இரண்டாவது வாரத்தில் மறையும் ரத்தக்கட்டு

தலையில் அடிபட்டவரை நள்ளிரவில் கொண்டுபோனால், சி.டி. ஸ்கேனை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவசர சிகிச்சை மருத்துவர்தான். ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் நிபுணரான ரேடியாலஜிஸ்டின் அறிக்கை அப்புறம்தான் வரும். "அவசர சிகிச்சை மருத்துவர் பார்த்துச் சொல்வதை நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அவசர மருத்துவப் பயிற்சித் துறை ஒன்றுக்கு வந்த 555 பேரின் தலை ஸ்கேன்களை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 39 சதவீதத்தில் அவசர மருத்துவரும் ரேடியாலஜிஸ்டும் சொன்னது ஒத்துப்போகவில்லை. ஆனால் அதனால் தவறான சிகிச்சை பெற்றவர்கள் 3 பேர்தான். மருத்துவர் படத்தோடு ஆளையும் சேர்த்துப் பார்க்கிறார் அல்லவா, அதுதான் காப்பாற்றியிருக்கும் என்பது என் ஊகம்.

சரி, எங்கே தவறுகிறது? எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு பொருளுக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் ஒன்று உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, மூளைத் திசுவுக்கு ஏறக்குறைய 25 முதல் 40. புதிய ரத்தக்கட்டு 60ஐத் தாண்டும். அதனால் வெள்ளையாகத் தெரியும்.

இந்த வெள்ளைக்கு ரத்தத்திலுள்ள இரும்புதான் காரணம் என்று நினைப்போம். உண்மையில் பெரும் பங்கு ஹீமோகுளோபினின் புரதத்துக்கு. ரத்தம் உறைந்து சுருங்கும்போது நீர்ப்பகுதி பிழிந்து வெளியேறுகிறது, புரதம் நெருக்கி அடைந்துகொள்கிறது, எண் ஏறுகிறது. அப்புறம் அந்தப் புரதம் சிதையச் சிதைய எண் நாள்தோறும் இறங்கி, ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் மூளையின் எண்ணுக்கே வந்து நிற்கும். ரத்தக்கட்டு அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் மூளையின் அதே சாம்பல் நிறம்! கடும் ரத்தசோகை உள்ளவருக்கு அன்று கசிந்த ரத்தம்கூட இப்படி ஒளிந்துகொள்ளும்.

அப்போது ரத்தத்தைத் தேடிப் பயனில்லை, அது எதைத் தள்ளியிருக்கிறது என்று தேட வேண்டும். ரத்தம் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே கட்டியிருந்தால், மூளையின் மடிப்புகள் மண்டையோட்டின் ஓரம்வரை வராமல் உள்ளே ஒதுங்கியிருக்கும். மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள நடுக்கோடு ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். இரு பக்கமும் சம அளவில் ரத்தக்கட்டு இருந்தால் அந்த நடுக்கோடும் அசையாது. படம் பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருக்கும். அனுபவசாலிகளும் ஏமாறுவது இங்கேதான்.

இதைக் கற்பிக்க முடியும். 1998இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், பயிற்சி மருத்துவர்களுக்கு இரண்டு மணி நேரப் பாடம் எடுத்தார்கள்: ரத்தம், மூளையைச் சுற்றிய நீர்த்தொட்டிகள், மூளை, அதன் உள்ளறைகள், எலும்பு என்று வரிசை மாறாமல் பார்க்க வேண்டும். பாடத்துக்கு முன் 60 சதவீதமாக இருந்த மதிப்பெண் மூன்று மாதம் கழித்து 78. கோடிகளைக் கொட்டிப் புது இயந்திரம் வாங்குகிறவர்கள் இந்த இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.