மலை ஓட்டத்தில் ஜாக்கெட் எங்கே இருக்க வேண்டும்?

மலைப்பாதை அல்ட்ராக்களில், அதாவது மாரத்தானைவிட நீளமான ஓட்டங்களில், மருத்துவக் கூடாரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், ஓட்டம் தொடங்கும் முன்பே நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மழை ஜாக்கெட் எங்கே இருக்கிறது? “ட்ராப் பேக்ல போட்டுட்டேன் டாக்டர், பாதி வழியில கிடைச்சிடும்” என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ட்ராப் பேக் என்பது வழியில் ஓரிடத்தில் எடுத்துக்கொள்ள முன்கூட்டியே கொடுத்தனுப்பும் பை. சென்னை, மதுரை வெயிலில் பயிற்சி எடுத்தவர்களுக்குக் குளிரால் உயிர் போகும் என்பதே நம்பமுடியாத விஷயமாக இருக்கிறது. தசைப்பிடிப்புக்கும் கொப்புளத்துக்கும் தயாராக வருகிறார்கள், குளிருக்கு வருவதில்லை.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில், பையின் நகரை அடுத்த மலைகளில் 100 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள், 21 பேர் இறந்துபோனார்கள். லியாங் ஜிங் அவர்களில் ஒருவர். சீன அல்ட்ரா ஓட்டத்தில் முன்னணி வீரர் அவர். அனுபவம் இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்று நினைப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். காலையில் தொடங்கிய ஓட்டத்தில், நண்பகலை ஒட்டி சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் உறையவைக்கும் மழையும் சேர்ந்து அடித்தன. முன்னால் ஓடியவர்கள் அப்போது இரண்டாவது, மூன்றாவது செக்பாயின்ட்டுகளுக்கு இடையே இருந்தார்கள். எட்டு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம், வண்டி ஏற வழியில்லாத இடம். காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கட்டாயப் பட்டியலில் இல்லை, ‘இருந்தால் நல்லது’ என்ற பட்டியலில்தான் இருந்தது. பலருடைய ஜாக்கெட், அவர்கள் இன்னும் போய்ச் சேராத செக்பாயின்ட்டில் பைக்குள் கிடந்தது. ஜூ கெமிங் என்ற ஆடு மேய்ப்பவர், மழைக்குத் தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு, தீ மூட்டி, போர்வை போர்த்திக் காப்பாற்றினார்.

இதில் பனிமலை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு சுமார் நூறு வாட் சூட்டை உண்டாக்கும். நல்ல வேகத்தில் ஓடும்போது அது எட்டு, பத்து மடங்குகூட ஆகும். அந்தச் சூடு இருக்கும்வரை 8 டிகிரி செல்சியஸில் மெல்லிய டீ-ஷர்ட்டோடு ஓடினாலும் ஒன்றும் தெரியாது. களைத்துப்போய், செங்குத்தில் நடக்க ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல். உள்ளே சூடு வேகமாகக் குறைகிறது, ஆனால் வெளியே துணி நனைந்து ஒட்டியிருக்கிறது. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மேட்டில் காற்றும் அடித்தால் உடம்பால் ஈடுகொடுக்க முடியாது. நடுங்குவதற்குக்கூட எரிபொருள் வேண்டும். குமட்டலால் மணிக்கணக்கில் சாப்பிடாமல் ஓடுகிறவருக்கு அதுவும் இல்லை.

அதனால், ஜாக்கெட் உங்கள் முதுகிலிருக்கும் பையிலேயே இருக்கட்டும். தூறல் விழுந்ததுமே, உடம்பு சூடாக இருக்கும்போதே ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். “இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்” என்று ஏறிவிட்டால், மேலே போனபின் விரல் மரத்து ஜிப்பை இழுக்க வராது. பையில் ஜாக்கெட் இருந்தும் போட முடியாமல், நடுங்கிக்கொண்டே கூடாரத்துக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. அது வந்தவருக்கு அது தெரியாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பயம் தருவது. பேச்சு குழறும், கால் தடுமாறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். “எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க, போறேன்” என்று கோபப்படுவார்கள். கூட ஓடுகிறவர்தான் பிடித்து நிறுத்த வேண்டும். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால், அது ஆபத்து முற்றியதன் அடையாளம். அந்த நிலையில் சிலர் சூடாக இருப்பதாகச் சொல்லித் துணியைக் கழற்றுவதும் உண்டு.

சரி, என்ன செய்வது? முதலில் காற்றிலிருந்து மறைவுக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துணியை நீக்கி உலர்ந்ததைப் போடுங்கள். வெறும் தரையில் படுக்கவைக்காதீர்கள், கீழே பை, பாய், இலைதழை எதையாவது விரியுங்கள். ஃபாயில் போர்வையை ஈரச்சட்டைக்கு மேல் போர்த்திக் காற்றில் படபடக்க விட்டால் பெரிய பயன் இல்லை. நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால், சூடான சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். மது கூடவே கூடாது. நினைவு மங்கியவரின் கைகால்களைத் தேய்க்காதீர்கள், எழுப்பி நடக்கவைக்காதீர்கள். குளிர்ந்த இதயம் சிறு அதிர்விலும் தாளம் தப்பக்கூடியது. கூடாரப் பொறுப்பில் இருக்கும் சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை இங்கே நம்ப வேண்டாம். ஆசனவாய் வழியே எடுக்கும் அளவுதான் சரியானது.

குளிர் நாளில் இன்னொன்றும் நடக்கிறது. வியர்வை குறைந்த பிறகும், அரை மணிக்கு இத்தனை மில்லி என்று கணக்கு வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே போகிறார்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் குழப்பமும் வலிப்பும் வரலாம். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

ஓட்டம் நடத்துகிறவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யூடிஎம்பி ஓட்டத்தை 2010-இல் மோசமான வானிலையால் நடுவிலேயே நிறுத்தினார்கள். 2012-இல் பாதையைச் சுருக்கினார்கள். தலைமூடியோடு கூடிய மழை ஜாக்கெட் அங்கே கட்டாயம். நம் மலைகளில் நடக்கும் ஓட்டங்களிலும் அதைக் கட்டாயமாக்கி, தொடக்கக் கோட்டில் பையைத் திறந்து பார்க்க வேண்டும். நீங்கள் பதிவு செய்யும் முன் கேளுங்கள்: பாதையின் மிக உயரமான இடத்தில் ஆள் இருப்பாரா? அங்கே ஒதுங்கக் கூரை உண்டா? செல்போன் சிக்னல் இல்லாவிட்டால் தகவல் எப்படிக் கீழே வரும்? வானிலை கெட்டால் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? இவற்றுக்குத் தெளிவான பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.