பத்துக் கிலோவுக்கு எத்தனை தேறும்? வீட்டு எஸ்பிரஸ்ஸோவும் உள்ளூர்க் காப்பி வறுவலும்

கூடலூரிலிருந்து தேவாலா, பந்தலூர் வழியாகச் சேரம்பாடிக்கும் அதைத் தாண்டி வயநாட்டுக்கும் போகும் சாலையில் ஜனவரி மாதம் சென்றால், எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே காட்சியைக் காணலாம். சிமெண்டுக் களத்திலும் வீட்டு முற்றத்திலும், இடம் போதாத வீடுகளில் தார்ப்பாய் விரித்த மொட்டை மாடியிலும், பறித்த ரோபஸ்டா வகைக் காப்பிப் பழங்கள் கறுத்துச் சுருங்கிக் காய்ந்துகொண்டிருக்கும். இப்படிக் காப்பிக்கு நடுவிலேயே குடியிருந்தாலும், வீட்டில் எஸ்பிரஸ்ஸோ (அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்திச் சில வினாடியில் வடிக்கும் கெட்டிக் காப்பி) இயந்திரம் வாங்கி வைத்தவருக்கு ஏற்ற வறுத்த கொட்டை இங்கே எளிதில் கிடைத்துவிடுவதில்லை. காப்பி பக்கத்தில் விளைவது ஒரு செய்தி. அதை எஸ்பிரஸ்ஸோவுக்கு ஏற்றபடி வறுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது வேறொரு செய்தி.

என் வீட்டுக்கு இயந்திரம் வந்த வாரத்தில், எல்லையை ஒட்டிய ஒரு கடையில் அன்று காலை வறுத்த கொட்டையைச் சூடு ஆறுவதற்குள் ஒரு கிலோ வாங்கி வந்தேன். புதியது என்றால் நல்லது என்பதே அன்று எனக்கிருந்த காப்பி அறிவு. மறுநாள் வடித்த கோப்பையில் முக்கால் பங்கு நுரையாக நின்றது. நுரை அடங்கியதும் அடியில் எஞ்சியவை இரண்டு மிடறுகள். முதல் மிடற்றில் கரிச்சுவையும் அதன் அடியில் ஒரு பச்சைப் புளிப்பும் சேர்ந்தே வந்தன. கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. அவர் டிகாஷனுக்காக வறுத்திருந்தார். அதே கொட்டையைப் பாலோடு கலந்து கொடுத்தபோது வீட்டில் எல்லோரும் பாராட்டிக் குடித்தார்கள்.

பித்தளை ஃபில்டரில் வெந்நீர் தன் எடையால் மட்டுமே தூளுக்குள் இறங்குகிறது. கால் மணி நேரமோ அதற்கு மேலோ அது எடுத்துக்கொள்ளும். பிறகு பாலும் சர்க்கரையும் சேர்வதால், வறுவல் சற்றுக் கறுத்திருந்தாலும் தூள் மூன்று வாரம் பழையதாக இருந்தாலும் குடிப்பவருக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. எஸ்பிரஸ்ஸோவில் அந்தச் சலுகை கிடையாது. ஏறக்குறைய 18 கிராம் தூளை வட்டமாக அழுத்தி வைத்து, 90 முதல் 96 டிகிரி வரை சூடான நீரை 9 பார் அழுத்தத்தில் அதற்குள் செலுத்தினால், 25 முதல் 30 வினாடிக்குள் 36 கிராம் அளவுக்குச் சாறு இறங்க வேண்டும். 9 பார் என்பது ஏறக்குறைய 90 மீட்டர் ஆழமுள்ள நீரின் அடியில் இருக்கும் அழுத்தம். மிலான் நகரத்து அக்கீல்லே காஜியா, நீராவியை நம்பியிருந்த பழைய முறையை விட்டு, 1940களின் பிற்பகுதியில் நெம்புகோலால் இவ்வளவு அழுத்தத்தை உண்டாக்கும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான், கோப்பையின் மேல் பொன்னிறமாகப் படியும் கிரெமா என்ற நுரை எஸ்பிரஸ்ஸோவின் அடையாளமாயிற்று.

இவ்வளவு குறுகிய நேரத்தில் தூளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கரைந்து வர வேண்டும் என்பதால், நீர் தூளுக்குள் ஓடும் வேகமே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த வேகத்துக்கான விதியை 1856ஆம் ஆண்டிலேயே பிரான்சின் ஆன்றி தார்சி என்ற பொறியாளர் வெளியிட்டார். திஜோன் நகரத்துக் குடிநீருக்காக மணல் படுகைகளில் நீர் இறங்குவதை அளந்த அவர், ஓட்டம் அழுத்தத்துக்கும் படுகையின் ஊடுருவு திறனுக்கும் ஏற்ப அமைகிறது என்று கண்டார். ஊடுருவு திறனோ துகள் அளவின் வர்க்கத்தை, அதாவது அந்த அளவை அதனாலேயே பெருக்கி வருவதைச் சார்ந்தது. மற்றவை மாறாதிருக்கத் துகளின் அளவு பாதியானால் நீரோட்டம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவேதான் எஸ்பிரஸ்ஸோ அரைவையில் மயிரிழை மாற்றமும் கோப்பையில் தெரிகிறது. கடையில் ஃபில்டருக்காக அரைத்த தூள் இதற்குப் பயன்படாமல் போவதும், மிக்சியில் அரைத்தால் பொடியும் குருணையும் கலந்து ஓரிடத்தில் நீர் பீறிட்டு மற்ற இடத்தில் தேங்குவதும் இதனால்தான்.

வறுவலின் பங்கு இந்த இடத்தில் நுழைகிறது. கறுப்பாக வறுத்த கொட்டை நொறுங்கும் தன்மை மிகுந்தது. அரைவை இயந்திரத்தை அதே எண்ணில் வைத்திருந்தாலும் அதிலிருந்து மாவு போன்ற நுண்பொடி கூடுதலாக விழும், நீரின் வழி அடைபடும். வெளிர் வறுவல் கொட்டை கெட்டியானது. பொடி குறையும், நீர் விரைந்து ஓடிவிடும். ஆகவே ஒருவர் இந்த வாரம் ஒரு பதத்திலும் அடுத்த வாரம் இன்னொரு பதத்திலும் வறுத்துக் கொடுத்தால், ஃபில்டர்காரர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார், எஸ்பிரஸ்ஸோக்காரரோ ஒவ்வொரு முறையும் கால் பாக்கெட்டை அரைவையைச் சரிபார்ப்பதிலேயே தொலைப்பார். எனக்கு வறுவல்காரரிடம் வேண்டிய முதல் குணம் அபூர்வச் சுவை அன்று. போன முறை கொடுத்ததையே இந்த முறையும் கொடுக்கும் திறமை.

வறுக்காத பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 விழுக்காடு ஈரம் இருக்கும். வறுக்கும் உருளையில் போட்டதும் முதலில் அந்த ஈரம் வெளியேறுகிறது. கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகிறது. வைக்கோல் வாடை போய்ச் சுட்ட ரொட்டியின் மணம் எழுகிறது. ஏறக்குறைய 150 டிகிரியில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்கத் தொடங்குகின்றன. கொட்டையின் வெப்பம் 196 டிகிரியை ஒட்டி வரும்போது, உள்ளே அடைபட்ட நீராவியும் கரியமில வாயுவும் சுவர்களைப் பிளக்க, சோளம் பொரிவது போன்ற ஓசை கேட்கிறது. இது முதல் வெடிப்பு. 224 டிகிரியை ஒட்டி மெல்லிய, சன்னமான இரண்டாம் வெடிப்பு வருகிறது; அதன்பின் எண்ணெய் மேற்பரப்புக்கு வந்து கொட்டை பளபளக்கும். எங்கள் பக்கத்துக் கடைகள் பல இந்தப் பளபளப்பையே தரத்தின் அடையாளமாகக் காட்டுகின்றன. உண்மையில் வெளியே வந்த எண்ணெய் காற்றுபட்டுச் சீக்கிரம் காறிப்போகும், வீட்டு அரைவை இயந்திரத்தின் தொட்டியிலும் பற்களிலும் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும்.

வறுக்கும்போது உருவாகும் கரியமில வாயுவில் பெரும் பகுதி கொட்டையின் அறைகளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ஒரு கிலோ கொட்டைக்குள் இப்படிச் சில லிட்டர் வாயு அடங்கியிருந்து, நாள் செல்லச் செல்ல மெல்ல வெளியேறும். நான் வாங்கிய கொட்டையின் கோளாறு இதுவே. அழுத்தத்தில் நீரில் கரைந்த வாயு, கோப்பைக்கு வந்து அழுத்தம் விலகியதும் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் நுரைக்கிறது. அளவாக இருந்தால் அது கிரெமா. மிகுதியாக இருந்தால் தூளுக்குள்ளேயே குமிழ்களாகக் கிளம்பி நீரைத் தடுத்துத் திசைதிருப்பி, ஒரு பகுதியை அளவுக்கு மேலும் மறு பகுதியை அரைகுறையாகவும் கரைக்கிறது. அதனால்தான் ஒரே மிடற்றில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தன. நடுத்தர வறுவலை ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆறவிட்டு, அடுத்த மூன்று வாரத்துக்குள் தீர்ப்பது எனக்குச் சரியாக அமைகிறது. கறுத்த வறுவலில் அறைகள் அதிகம் உடைந்திருப்பதால் வாயு விரைவில் போய்விடும். அதற்கு நான்கைந்து நாள் போதும். ஆகவே பாக்கெட்டில் வறுத்த தேதி இல்லையென்றால் மற்ற விவரங்கள் எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் பயனில்லை. ‘பாக்கிங் தேதி’ வறுத்த தேதி ஆகாது.

நம் ஊர்க் கடைகளின் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். ‘பிளாண்டேஷன் ஏ’ என்றால் பழத்தோலும் வழவழப்பும் நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகா வகைக் காப்பியில் பெரிய அளவுக் கொட்டை, ‘செர்ரி’ என்றால் பழத்தோடே களத்தில் காயவைத்தது, ‘பி.பி.’ என்பது பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒரே விதையாக உருண்டு விளைந்தது. இவை பச்சைக் கொட்டையின் வகையையும் அளவையும் மட்டுமே சொல்லும். பி.பி. என்றதும் சுவை ஒரு படி மேல் என்று நம்புவோர் பலர் இருக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. உருண்டைக் கொட்டை சீராக உருண்டு சீராக வறுபடும் என்பதோடு அதன் பெருமையை நிறுத்திக்கொள்ளலாம்.

சிக்கரி கலந்த தூளைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. விதிப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. மீதி முழுவதும் சிக்கரியாக இருக்கலாம். வறுத்த சிக்கரி வேரில் நீரில் கரையும் பொருள் காப்பியைவிட மிக அதிகம். ஃபில்டரில் அது டிகாஷனுக்குத் திண்மை தரும். எஸ்பிரஸ்ஸோவின் சல்லடையில் பிசினாகி அடைத்துக்கொள்ளும்.

ரோபஸ்டாவின் மேல் மட்டும் வீண்பழி விழுந்திருக்கிறது. அரபிகாவில் காஃபின் ஏறக்குறைய 1.2 விழுக்காடு என்றால் ரோபஸ்டாவில் 2.2 விழுக்காடு. அதோடு சர்க்கரை குறைவு, குளோரோஜெனிக் அமிலம் மிகுதி. இந்த அமிலம் நடுத்தர வறுவலில் இதமான கசப்புப் பொருள்களாகவும், வறுவல் முற்றினால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் முரட்டுக் கசப்புப் பொருள்களாகவும் மாறுகிறது. ரோபஸ்டாவைக் கரியும்வரை வறுத்துவிட்டு ரோபஸ்டா கசக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. அதில் எண்ணெய் குறைவு என்பதால் நுரை சீக்கிரம் உடைவதில்லை. கிரெமா தடித்து நிற்கும். இத்தாலியக் கலவைகள் பலவற்றில் ரோபஸ்டா சேர்வது இதற்காகத்தான். இந்தியக் காப்பியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்னிற்பதும் தற்செயலன்று. 2019இல் வயநாட்டு ரோபஸ்டாவும் ஆந்திரத்தின் அரக்கு அரபிகாவும் புவிசார் குறியீடு பெற்றன. அந்தக் குறியீடு விளைந்த மண்ணுக்குச் சான்று. வறுத்த கைக்குச் சான்று ஆகாது.

தோட்டத்தின் பெயர் சொல்லி விற்கும் சிறு வறுவல்காரர்கள் இன்று இருப்பதற்கே ஒரு பின்னணி உண்டு. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விளைச்சல் முழுவதும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குச் சென்று அங்கிருந்தே விற்பனையாயிற்று. எந்தக் கொட்டை எந்தத் தோட்டத்தது என்பது அந்தக் குவியலில் மறைந்துபோகும். 1990களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996இல்தான் விவசாயி தன் விளைச்சல் முழுவதையும் தான் விரும்பியவருக்கு விற்கலாம் என்றாயிற்று.

சரி, வறுவல்காரரை எப்படி எடைபோடுவது? நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, பத்துக் கிலோ பச்சைக் கொட்டை போட்டால் எத்தனை கிலோ தேறும்?” வறுவலில் ஈரம் போவதோடு கொட்டையின் பொருளும் சிறிது எரிந்து வாயுவாகப் போகிறது. ஆகவே எடை இழப்பு வறுவலின் பதத்தைக் காட்டும் எளிய அளவுகோல். எட்டே முக்கால் கிலோ என்றால் வெளிர் வறுவல், எட்டரையை ஒட்டி வந்தால் நடுத்தரம், எட்டு என்றால் கறுப்பு. எண் எதுவாக இருந்தாலும் அதை உடனே சொல்பவர் ஒவ்வொரு முறையும் எடைபோடுகிறவர் என்பது தெரிந்துவிடும். “அது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும்” என்றால் அவரிடம் டிகாஷனுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு கொட்டையையே பார்க்கலாம். ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பினால், பழுப்புக்கு நடுவே நிலக்கடலை நிறத்தில் வெளிறிய கொட்டைகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை பெரும்பாலும் பழுக்காத காயிலிருந்து வந்தவை. சர்க்கரை சேராததால் எவ்வளவு சூட்டிலும் சரியாகச் சிவப்பதில்லை, கோப்பையில் காய்ந்த வேர்க்கடலைத் தோலின் சுவையைத் தரும். கிளையில் பழமும் காயுமாக ஒரேயடியாக உருவிப் பறித்த தோட்டத்தை அவை காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து ஒரு கொட்டையைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து பார்க்கலாம். மேல்தோல் கறுத்து உள்பகுதி வெளிறியிருந்தால், உருளையை அளவுக்கு மேல் சூடாக்கி அவசரமாக வறுத்திருக்கிறார்கள் என்று பொருள். அன்று என் கோப்பையில் கரிக்கு அடியில் பச்சைப் புளிப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக்கு வந்து பிளந்து பார்த்தபோது உள்ளே வெளிர் மஞ்சளாகவே இருந்தது.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை இங்கே பெய்யும் மழையில் துணி காய்வதில்லை, தீக்குச்சி பற்றுவதில்லை. வறுத்த கொட்டையில் எஞ்சும் ஈரம் மிகக் குறைவு என்பதால், திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அந்த மாதங்களில் நான் 250 கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. நாளைக்கு இரண்டு கோப்பை என்றால் அது ஒரு வாரத்துக்கு வரும். கூடுதலாக வாங்க நேர்ந்தால் சிறு சிறு பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிப்பது நல்லது. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வைப்பது மட்டும் வேண்டாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் வியர்த்து, குழம்பு வாசனையையும் கொட்டை ஏற்றுக்கொள்ளும்.

தன் வீட்டுக் களத்தில் காய்ந்த கொட்டையையே கூலிக்கு வறுத்து வாங்கும் வழக்கம் எங்கள் பகுதியில் உண்டு. அப்படிக் கொண்டுபோவோர், மேல்தோல் நீக்கிய கொட்டையை முதலில் பல்லால் கடித்துப் பார்ப்பார்கள். பல் பதிந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. பதியாமல் வழுக்கினால் வறுக்கலாம். வறுவல் உருளைக்கு ஒரு குறைந்த அளவு உண்டு என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து கிலோ உருளையில் அரைக் கிலோவைப் போட்டால் கொட்டை சூடான இரும்பில் நேரடியாகப் பட்டுப் புள்ளி புள்ளியாகக் கருகும், வெப்பமானியின் முனை கொட்டைக்குள் மூழ்காததால் அது காட்டும் எண்ணும் பொய்யாகிவிடும். எங்கள் தெருவில் மூன்று வீட்டார் தத்தம் கொட்டையைச் சேர்த்து, ஒரே உருளையாக வறுத்துப் பங்கிட்டுக்கொள்கிறோம். தேதியை ஒவ்வொரு டப்பாவின் மேலும் எழுதும் வேலை என்னுடையது.