குவார்ட்டர்பேக்குக்குக் கை பலம் எவ்வளவு தேவை?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். பந்து கைக்கு வந்ததும் இரண்டரை, மூன்று நொடிக்குள் யாருக்கு வீசுவது என்று முடிவெடுத்து வீசிவிட வேண்டும், தாமதித்தால் நூற்றுமுப்பது கிலோ ஆள் ஒருவர் மேலே வந்து விழுவார். இந்த வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் கை பலத்தில் மயங்குவது வழக்கம். 2007 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி முதல் ஆளாக எடுத்த ஜமார்கஸ் ரஸ்ஸலுக்கு அசுரக் கை, ஆனால் மூன்றே சீசனில் ஆட்டம் முடிந்தது. 2000-இல் 199-ஆவதாகப் போன டாம் பிரேடிக்குக் கை பலம் போதாது என்று குறிப்பெழுதினார்கள். அவர் சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஏழு முறை ஜெயித்தார்.

சரி, அப்போது கை பலம் வீணா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கடினமான வீச்சுகளில் ஒன்று 'டீப் அவுட்': ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) நேராக 15 யார்டு, சுமார் 14 மீட்டர், ஓடிச் சட்டென்று வலது ஓரக்கோட்டுப் பக்கம் திரும்புவார். ஆட்டம் மைதானத்தின் இடப்பக்கக் குறியிலிருந்து தொடங்கினால், குவார்ட்டர்பேக் பின்வாங்கி நிற்பதையும் சேர்த்துப் பந்து சுமார் 34 மீட்டர் குறுக்கே பறக்க வேண்டும். மணிக்கு 88 கி.மீ. வேகத்தில் வீசினால், காற்றுத் தடையை விட்டுவிட்டால், 1.39 நொடி. 100 கி.மீ. என்றால் (2018 தேர்வு முகாமில் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் தொட்ட வேகம் இது) 1.22 நொடி. வித்தியாசம் 0.17 நொடிதான், ஆனால் அதற்குள் நொடிக்கு 8 மீட்டர் ஓடும் டிஃபென்டர் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நெருங்கிவிடுவார், பந்தைத் தட்டிவிட அது தாராளம்.

ஆனால் அதே 0.17 நொடியை வேறு வழியிலும் சம்பாதிக்கலாம்: ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவது. அவர் வந்து சேரப்போகும் காலி இடத்துக்கு வீச வேண்டும். 1980-களில் பயிற்சியாளர் பில் வால்ஷ், குவார்ட்டர்பேக் பின்வாங்கும் காலடிகளை ரிசீவரின் ஓட்டத்தோடு பொருத்தி, குறுகிய தூர வீச்சுகளாலேயே ஆட்டத்தை நடத்தினார். அவருடைய குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானாவும் கை பலத்துக்குப் பேர்போனவர் இல்லை.

இன்னொன்று, 'கை பலம்' என்பதில் கை கடைசி ஆள்தான். சுமார் 400 கிராம் பந்து, கிரிக்கெட் பந்தைப் போல இரண்டரை மடங்கு. முன்கால் தரையில் ஊன்றி நிற்க, இடுப்பு முதலில் திரும்பி, பின்னாலேயே மார்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வேகம் மேலே ஏறிப் போகிறது. கடைசியில் விரல்கள் பந்தைச் சுழற்றிவிடுகின்றன. சுழற்சி சரியில்லாமல் பந்து தள்ளாடினால் காற்றுத் தடை கூடி, போட்ட பலத்தில் ஒரு பங்கு வீணாகும். ஆலனின் வீச்சுகளில் 2018-இல் இலக்கைச் சேர்ந்தவை 52.8 சதவீதம், 2020-இல் 69.2. அதே கைதான், இடைப்பட்ட காலத்தில் காலடியையும் வீசும் முறையையும் திருத்திக்கொண்டார்.

கை பலம் உண்மையில் கைகொடுப்பது திட்டம் குலையும்போது. ஓடிக்கொண்டே, ஒற்றைக் காலில், தாமதமாக வீச நேரும்போது இடுப்பு உதவாது, முன்கூட்டி விடவும் நேரமில்லை. ஆலனும் இன்னொரு குவார்ட்டர்பேக்கான பேட்ரிக் மஹோம்ஸும் அங்கேதான் தனித்துத் தெரிகிறார்கள்.

குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங்கைப் பாருங்கள். கழுத்து அறுவை சிகிச்சைகளால் கை பலம் குறைந்து, 2011 முழுவதும் ஆடாமல் இருந்தவர், 2013-இல் ஒரே சீசனில் 55 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் பெறும் ஆறு புள்ளி) வீசிச் சாதனை படைத்தார், எல்லாம் முன்கணிப்பின் தயவு. 2015-இல் வயது 39, ஊன்றும் இடது பாதத்தில் காயம் வேறு. ஆட்டத்தைப் படிக்கும் மூளை அப்படியே இருந்தும், அந்த சீசனில் வீசியது 9 டச்டவுன், எதிரணி கையில் போய் விழுந்தது 17. அந்த ஆண்டு சூப்பர் பவுலை அவருடைய டென்வர் அணிக்கு வாங்கிக் கொடுத்தது அதன் தடுப்புப் பிரிவு.