காவடியோடு உடன் நடந்தவர்கள் ஏன் அதிகம் கொடுத்தார்கள்?

தைப்பூசத்தன்று என் கையில் இருப்பது ஒரு மர ஸ்டூல் மட்டும்தான். காவடி எடுப்பவர் மச்சான். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் கிளம்பி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் போய்ச் சேருகிற வரைக்கும், ஊர்வலம் நிற்கிற இடத்தில் எல்லாம் ஸ்டூலை அவருக்குப் பின்னால் போட வேண்டும். அவர் மெதுவாக உட்காருவார். ஒருவர் காலில் தண்ணீர் ஊற்றுவார். இன்னொருவர் முன்னால் நின்று அவர் கண்ணையே பார்த்தபடி 'வேல் வேல்' என்பார். கடைசியில் அலகைக் கழற்றும்போது மச்சான் முகம் தெளிவாக இருக்கும். எனக்குத்தான் கண் கலங்கும்.

வலி அவருக்கு, அழுகை எனக்கு. இது ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். மானிடவியலாளர் டிமிட்ரிஸ் ஸிகலாட்டாஸும் அவருடைய குழுவினரும் இதற்கு மிக நெருக்கமான ஒன்றை மொரிஷியஸ் தைப்பூசத்தில் சோதித்துப் பார்த்து, 2013இல் வெளியிட்டார்கள். சோதனை எளிமையானது. கோயிலுக்கு வந்தவர்களிடம் சில கேள்விகள் கேட்டு, பதில் சொன்னதற்கு 200 ரூபாயை நாணயங்களாகக் கொடுத்தார்கள். போகும்போது, கோயிலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. சாதாரணக் கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்கள் சராசரியாக 80 ரூபாய் போட்டார்கள். காவடி எடுத்தவர்கள் 130 ரூபாய்க்கு மேல். காவடி எடுக்காமல் உடன் நடந்தவர்களோ சுமார் 160 ரூபாய்! வலி எவ்வளவு கடுமையாகத் தெரிந்ததோ, அவ்வளவுக்குக் கையும் தாராளமாக நீண்டிருந்தது.

இதில் உடம்புக்கும் பங்கு உண்டு. ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் தீமிதி நடக்கிறது. அங்கே தீ மிதித்தவர்களின் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் துடிப்பையும் அளந்தார்கள். மிதித்தவரின் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் துடிப்பு அவரோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. நெருப்பு எல்லார் கண்ணுக்கும் ஒன்றுதான். அதில் நடப்பவர் 'நம்ம ஆள்' என்றால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சரி, ஒருநாள் ஊர்வலம் இருக்கட்டும். அதற்கு முன்னால் வாரக்கணக்கில் விரதம் இருக்கிறதே, அந்தக் கட்டுப்பாடுகள் எதற்கு? ரிச்சர்ட் சோசிஸ் என்ற ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒன்றாகச் சேர்ந்து வாழ முயன்ற 83 குடியிருப்புகளின் வரலாற்றை எடுத்து ஆராய்ந்தார். இறைச்சி கூடாது, மது கூடாது, இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று கடினமான விதிகள் வைத்த சமயக் குழுக்கள் நீண்ட காலம் நிலைத்தன. சமயம் சாராத குழுக்கள் விதிகளைக் கூட்டியும் ஆயுள் கூடவில்லை. 'இதனால் எனக்கு என்ன லாபம்?' என்று கணக்குப் பார்க்க இடம் தரும் விதி, கணக்கு இடிக்கிற நாளில் உடைந்துவிடுகிறது. விரதம் இருப்பவரிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டால் "முருகனுக்கு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

கணக்கு உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடந்த சோதனையைச் சொல்ல வேண்டும். குழந்தைகளைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்கள் அபராதம் போட்டன. தாமதம் கூடியது! ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற கூச்சம் போய், 'அதுதான் காசு கொடுக்கிறோமே' என்றாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

எங்கள் குழுவிலும் இதே தவறைச் செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் புளோக் கீழ்த்தளத்தில் கூடிக் காவடிக்கு வேண்டிய வேலைகளைப் பார்ப்போம். தாமதமாக வந்தால் ஐந்து வெள்ளி என்று இரண்டு பேர் முடிவு செய்து சொன்னார்கள். மூன்றாவது வாரம் ஒருவர் பத்து வெள்ளித் தாளை நீட்டி, "அடுத்த வாரத்துக்கும் சேர்த்து" என்றார். அன்றைக்கு எனக்கு மனசே விட்டுப்போனது.

அப்புறம் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசினோம். அபராதத்தை எடுத்துவிட்டு ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டோம்: தண்ணீர் ஒருவருக்கு, எலுமிச்சை ஒருவருக்கு, ஸ்டூல் எனக்கு. நான் வராவிட்டால் மச்சான் உட்கார இடமில்லை. பொதுச் சொத்துகளை மக்கள் எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் கண்டதும் இந்த வகைதான். பாசன வாய்க்காலோ மீன்பிடித் துறையோ, நீண்ட காலம் நிலைத்த இடங்களில் விதிக்கு உட்பட்டவர்களே விதியைப் போட்டிருந்தார்கள். முதல் தவறுக்கு லேசான தண்டனை, திரும்பச் செய்தால் கூடும். தண்டனையே இல்லாமல் இருக்கவில்லை. ஆனால் அந்தச் சிறு தண்டனை விலையாக இல்லாமல், 'உன்னைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் எங்களில் ஒருவன்' என்று நினைவூட்டுவதாக இருந்தது. நம் உணவங்காடி நிலையங்களில் 2021இல் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயமானபோதும் முதல் முறைக்கு எழுத்துபூர்வ எச்சரிக்கைதான், அபராதம் இல்லை. தேக்காவில் சாப்பிட்டு எழுகிற தாத்தா பாட்டிகள் தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஸ்டூல் எங்கள் வீட்டு வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வருடம் ஒரு கால் ஆடியது. மச்சான் மகன் தானாகவே வந்து ஆணி அடித்துவிட்டு, "மாமா, இந்தத் தடவை தண்ணீர் நான் ஊற்றட்டுமா?" என்று கேட்டான்.