சேமலாப நிதிப் பணமும் மாதம் ஐந்து சதவீத வட்டியும்

மலையக நகரான ஹட்டனில் வங்கி வேலை பார்க்கும் என்னிடம் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "முன்பு இருபதுக்கு மேல் வட்டி தந்தீர்களே, இப்போது ஏன் இப்படிக் குறைத்துவிட்டீர்கள், ஐயா?" நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் அனுப்பினால் அவர்கள், ஓய்வுபெறும்போது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தோடு, மாதம் ஐந்து சதவீதம் தருகிறேன் என்று சொல்லும் தரகரிடம் நேரே போய் நிற்பார்கள்.

வட்டியை விலைவாசியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2021 செப்டெம்பரில் ஒரு இலட்சம் ரூபாவை ஆறு சதவீதத்துக்கு நிலையான வைப்பில் போட்டதாக வைத்துக்கொள்வோம். மறு வருடம் கிடைப்பது 1,06,000. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைக் கணக்குப்படி பணவீக்கம், அதாவது ஒரு வருடத்தில் விலைவாசி ஏறிய அளவு, ஏறத்தாழ 70 சதவீதம். ஒரு இலட்சத்துக்கு வாங்கிய சாமானுக்கு 1,70,000 தேவைப்பட்டது. புத்தகத்தில் பணம் கூடியிருந்தது, கடையில் குறைந்திருந்தது.

விலையேற்றத்தை அடக்க மத்திய வங்கி 2022 ஏப்ரலில், மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையாக அது நிர்ணயிக்கும் கொள்கை வட்டியை ஒரே அறிவிப்பில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வைப்பு வட்டி ஏறியது அதனால்தான். அடுத்த ஆண்டு செப்டெம்பருக்குள் பணவீக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டதால், இடையில் துணிந்து போட்டவர்களுக்கு நல்ல இலாபம். அப்படியொரு வருடத்தைத் தினமும் எதிர்பார்க்க முடியாது. விலையேற்றம் அடங்கியதும் மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது. 2024 நவம்பரில் கொள்கை வட்டி 8 சதவீதம். விலைவாசியோ முந்திய வருடத்தைவிடச் சற்றுக் குறைவு. அந்த நிலையில் கிடைத்த ஏழோ எட்டோ 2021-இன் ஆறைவிட எவ்வளவோ மேல்.

இந்த மலையில் வங்கி விழுந்த கதையும் உண்டு. கோப்பித் தோட்டங்களை நம்பிப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி, இலைநோய் கோப்பியை அழித்த பின், 1884 மே மாதம் கதவை மூடியது. அக்காலத்தில் வங்கிகளே நோட்டு அடித்தன. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். பணம் வைப்பில் போட்டிருந்தவர்களுக்கு அந்த வாக்குறுதி கிடைக்கவில்லை. கையிலிருக்கும் நோட்டும் வைப்புப் பத்திரமும் ஒன்றல்ல என்பதை அன்றே பார்த்துவிட்டோம். அதன் பிறகு நோட்டு அடிப்பதை அரசே எடுத்துக்கொண்டது. 1950-இல் அந்தப் பொறுப்பு மத்திய வங்கிக்கு வந்தது.

ஓர் அம்மா கொண்டுவந்த பற்றுச்சீட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. கார்பன் பிரதி. ஐந்து இலட்சம் ரூபா, மாதம் ஐந்து சதவீதம், ஊதா முத்திரை, புரியாத கையெழுத்து. அனுமதிப்பத்திர இலக்கம் இல்லை. மாதம் 25,000 தவறாமல் வருவதாகச் சொன்னார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: முதல் இருபது மாதமும் அந்த ஆள் அவருடைய பணத்தையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். நடுவில் ஆள் காணாமல் போனால்?

பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்க மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளைச் சேர்த்தால் பணம் என்கிற பிரமிட் திட்டமோ சட்டப்படியே குற்றம். உறவினர் அழைத்தாலும் குற்றம்தான்.

அனுமதி பெற்ற நிறுவனம் விழுந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில், 11 இலட்சம் ரூபா வரை ஈடு தருகிறது. ஒரே வங்கியில் மூன்று கணக்கு வைத்திருந்தாலும் அதே 11 இலட்சம்தான். சேமலாப நிதியாக இருபது இலட்சம் வந்தால் இரண்டு நிறுவனங்களில் பிரித்துப் போடுங்கள்.